பன்றிக் காவலுக்குப் பச்சை உடை எதற்கு?

வாசகர் கேள்விப் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. 'மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி வருகிறது. நான் காவலுக்குப் போனால் தூரத்திலேயே கண்டுகொண்டு அடுத்த மூலைக்குப் போய்விடுகிறது. இலை தழை போல நூல் வைத்துத் தைத்த உடையும், மிலிட்டரி டிசைன் உடையும் செல்போனில் விற்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வயலுக்குள் உட்கார்ந்தால் பன்றி அருகில் வந்ததும் விரட்டலாமா?' இதுதான் கேள்வி.

எனக்கு சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டி நாலு ஏக்கர். இருபத்திரண்டு வருஷமாகப் பன்றியோடும் யானையோடும் பங்கு போட்டுத்தான் வெள்ளாமை எடுக்கிறேன். அதனால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில், வாங்காதீர்கள். பணம் வீண் என்பது அதில் சின்ன விஷயம். அந்த உடை மிருகத்திடமிருந்து நம்மை மறைப்பதை விட, மனிதனிடமிருந்துதான் அதிகம் மறைக்கிறது. ராத்திரிக் காவலுக்கு அது ஆபத்து.

முதலில் பன்றியின் கண்ணைப் பார்ப்போம். நம் கண்ணில் நிறம் அறியும் அணுக்கள் மூன்று வகை. பன்றி, மான், மாடு, யானை எல்லாவற்றுக்கும் இரண்டு வகைதான். நீலம் நன்றாகத் தெரியும். பச்சைக்கும் சிவப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில், துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மானுக்கு அந்த ஆரஞ்சு தழையோடு தழையாகத்தான் தெரியும். பக்கத்துப் புதரில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரனுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. வேட்டையே தொழிலாக இருக்கும் நாட்டிலேயே நிலைமை இப்படி என்றால், பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக அச்சடித்த துணி யார் கண்ணுக்காக என்று யோசித்துப் பாருங்கள்.

மிருகத்தின் கண்ணுக்கு உறுத்துவது வேறு. நாம் சோப்புத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளை வேட்டி. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சோப்புத்தூளில் கலக்கும் பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக விடும். அந்தி கருக்கலில் மான் கண்ணுக்கு அது ஒளிர்ந்துகொண்டு நிற்கும். மறைவாக இருக்கத்தான் வேண்டும் என்றால், பழைய காக்கிச் சட்டையை வெறும் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்வதே மூவாயிரம் ரூபாய் உடையை விட மேல்.

ஆனால் கேள்வி கேட்டவரைப் பன்றி கண்டுகொள்வது கண்ணால் அல்ல. பன்றிக்குப் பார்வை மட்டம். பத்தடி தூரத்தில் அசையாமல் நின்றால் மரமா மனுஷனா என்று அதற்குக் குழப்பம்தான். மூக்கும் காதும்தான் அதற்கு எல்லாம். வரப்பில் செருப்புச் சத்தம், டார்ச் ஆடுவது, பீடி, தலையில் தேய்த்த எண்ணெய் இவ்வளவும் சேர்ந்து ஆள் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. யானையின் மூக்கு இன்னும் பெரிய விஷயம். ஆப்பிரிக்க யானையிடம் மணம் அறியும் மரபணுக்கள் சுமார் 2,000 இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாயை விட இரண்டு மடங்குக்கு மேல். எந்தத் துணியைப் போர்த்தினாலும் நம் வேர்வையை அது மறைக்காது. அந்த இலை உடைக்குள் புழுக்கம் தாங்காமல் வேர்வை இன்னும் கூடத்தான் செய்யும்.

வாசனை என்றதும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் பண்ணையம் செய்கிறவர்கள் இந்த ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பகலில் வெயில் ஏற ஏற, காற்று பள்ளத்திலிருந்து மலை மேலே ஏறும். பொழுது விழுந்து பாறை குளிர்ந்த பிறகு அது திரும்பிவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடி, ஓடைத் தண்ணீர் போலப் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு விரலில் அடுப்புச் சாம்பலை எடுத்து மெல்ல உதிர்த்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மலையைப் பார்த்துப் போகும் சாம்பல், ராத்திரி ஒன்பது மணிக்கு நம் ஊரைப் பார்த்து வரும். மழை, பெருங்காற்று உள்ள நாளைத் தவிர எங்கள் பக்கம் இதுதான் வழக்கம்.

இதன் அர்த்தம் என்ன? ராத்திரியில் காட்டிலிருந்து இறங்கும் மிருகத்துக்குக் காற்று முதுகுப் பக்கம் அடிக்கிறது. கீழே வயலில் இருக்கும் நம் வாசனை அதற்குப் போகாது. அதாவது நாம் எந்த உடையும் போடாமலே பாதி மறைந்துதான் இருக்கிறோம். கண் மங்கல், மூக்குக்கும் வேலை இல்லை என்று இறங்கி வருகிற மிருகத்துக்கு, அங்கே ஆள் இருக்கிறான் என்று சொல்ல மிச்சமிருப்பது வெளிச்சமும் சத்தமும்தான். பன்றிக்கு ஒளியப் போய் அந்த இரண்டையும் நாமே அணைத்துவிட்டால், யானை நம் மடியில் வந்து நிற்கும் வரை அதற்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அதைத் தெரியாது. அடிபாதம் மெத்தை போல இருப்பதால், அத்தனை பெரிய உடம்பு நடந்து வந்தாலும் சத்தம் கேட்காது.

என் பங்காளி மகன் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாசம் லீவில் வந்தவன், அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, காவலை நான் பார்க்கிறேன் என்று இந்த இலை உடையை வரவழைத்தான். தலையிலிருந்து கால் வரை பச்சை நூல் தொங்கும். சாளை வாசலில் அவன் அதைப் போட்டு நின்றபோது வீட்டு நாயே குரைத்தது. முதல் ராத்திரி ஐந்தாறு பன்றி அவனுக்குப் பத்தடியில் வந்தது. எழுந்து கத்தினான். நாலு பன்றி காட்டைப் பார்த்து ஓடியது. ஒன்று நேராக அவன் மேலேயே வந்து, முழங்காலை உரசிக்கொண்டு போனது. கிட்டத்தில் திடுக்கிட்ட பன்றி வழி பார்த்து ஓடாது, எதிரே இருப்பதைத் தள்ளிக்கொண்டு ஓடும். தேற்றைப் பல் தொடையில் பட்டிருந்தால் ரத்தக்குழாய் போயிருக்கும். அவன் அதைத் தைரியக் கதையாகத்தான் காலையில் சொன்னான்.

மூன்றாம் ராத்திரி வந்தது ஒற்றை யானை. தட்டு முறியும் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறான். பதினைந்து எட்டு தூரத்தில் நிற்கிறது. இப்போது எழுந்தால் அதற்குக் காலடியில் ஏதோ புதர் உயிர் பெற்று எழுவது போல இருக்கும். கத்தினாலும் அதே கதை. டார்ச் உடைக்குள்ளே பேன்ட் பையில். நூல் எல்லாம் வேலிக்காத்தான் முள்ளில் சிக்கியிருக்கிறது. முக்கால் மணி நேரம் மூச்சை அடக்கிக் கிடந்திருக்கிறான். அது மேய்ந்துகொண்டே கொஞ்சம் விலகியதும், வாய்க்காலில் இறங்கித் தவழ்ந்தே கீழ்ப்பக்கம் வந்திருக்கிறான்.

கீழ்ப்பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்றைக்கு ராத்திரி மும்முனை கரன்ட் வந்ததும் மோட்டார் போட வந்தவர். கையில் மண்வெட்டி. வாய்க்காலில் ரோமம் தொங்கத் தவழ்ந்து வரும் உருவத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் என்ன தோன்றும்? கரடிதான். கரடி முகத்தைக் கிழித்த ஆள்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர் யோசிக்கவில்லை, மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "மாமா, நாந்தான்" என்று அவன் கத்தியது ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மாமா இன்னும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார். யானைக்குத் தப்பியவன் சொந்த மாமன் கையில் போயிருப்பான்.

எனக்குத் தோன்றுவது இது: காவல் வேறு, வேட்டை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த உடை நமக்குத் தேவை போலத் தெரிகிறது. சங்கப் பாட்டுகளில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கிறது. தினைப்புனம் காக்கிற குறிஞ்சிப் பெண் பரண் மேல் ஏறி, தட்டை, தழல், குளிர் என்று சத்தம் போடும் கருவிகளை வைத்துக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று ஊருக்கே அறிவிப்பாள். கிளி வராமல் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினர் அதற்கு நேர்மாறு. தண்ணீர் குடிக்க வரும் பன்றிக்காகக் குழி தோண்டி, அதற்குள் ஒடுங்கி ஒளிந்து நடுராத்திரியில் காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பன்றி அருகில் வர வேண்டும். நமக்கு அருகில் வரவே கூடாது. கேள்வி கேட்ட நண்பர், பன்றி அருகில் வந்ததும் விரட்டலாமா என்கிறார். அருகில் வருவதற்குள் அது அரை சென்ட் தட்டைச் சாய்த்துவிடுமே, ஐயா!

இந்த இலை உடை பிறந்ததே வேட்டைக்குத்தான். ஸ்காட்லாந்து நாட்டு மலைகளில் பிரபுக்களின் மான் வேட்டைக்கு உதவியாகப் போகும் ஆள்களை 'கில்லி' என்பார்கள். மானை நெருங்க இப்படி மறைந்து போகிற அவர்கள் பெயர்தான் உடைக்கும் வந்தது. அந்த மலைக்காரர்களைச் சேர்த்து 1900-ல் லோவட் பிரபு ஒரு படை திரட்டி தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்குக் கொண்டு போனார். அங்கிருந்து அது பட்டாளத்து உடையானது. நம் காக்கியும் இப்படி மண்ணோடு மண்ணாகத் தெரிவதற்காக வந்ததுதான். 1840-களின் கடைசியில் பெஷாவரில் லம்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் படைக்குப் புழுதி நிறத்தில் சாயம் போட்டது அதன் தொடக்கம். ஆக, இரண்டுமே அடிக்கப் போகிறவன் உடை.

நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு யானையும் மயிலும் முதல் அட்டவணையில், காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில். 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆள்கள் மட்டும். விவசாயி கையில் துப்பாக்கிக்கும் அவுட்டுக்காய்க்கும் எங்கேயும் அனுமதி இல்லை. திருட்டுக் கரன்ட் வேலியும் அப்படித்தான், அதில் பன்றியை விட அதிகமாகப் பயப்பட வேண்டியது தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் வீட்டு ஆள்களை நினைத்து.

இந்த நிலைமையில் ராத்திரி பதினொரு மணிக்குக் காட்டோரத்தில் உடம்பெல்லாம் தழையாக ஒருவன் பதுங்கியிருந்தால், ரோந்து வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் என்ன நினைப்பார்? என் வயலில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று விளக்கம் சொல்வதற்குள் விடிந்துவிடும். அவர்களே பச்சைத் திட்டுப் போட்ட உடையில்தான் வருகிறார்கள். நாமும் அதையே போட்டால் யார் எவர் என்று தெரியாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு நினைப்பும் உண்டு. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை, பச்சை உடை போட்டவன் ராத்திரியில் எதிர்ப்பட்டால் அவன் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் பயம்தான். ராணுவத்தின் புதிய சீருடை வடிவத்தை 2022-ல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அந்தத் துணியை வெளிக்கடையில் விற்கவே கூடாது. செல்போனில் மலிவாக வருகிறதே என்று வாங்குகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. காவலுக்குப் போகிறவன் தீ மூட்டாமல் இருக்க மாட்டான். சணல் நூலாக இருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பாலியஸ்டராக இருந்தால் உருகித் தோலோடு ஒட்டும். முழு உடையையும் அவசரத்தில் கழற்றவும் முடியாது.

நான் காவலுக்குப் போட்டுக்கொள்வது, ரோடு வேலை செய்கிறவர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டை. ஒளிரும் பட்டை வைத்தது. முன்னே சொன்ன கணக்குப்படி பன்றிக்கு அந்த ஆரஞ்சு ஒரு பொருட்டே இல்லை. டார்ச் அடிக்கிற மனுஷனுக்கு நூறடியில் பளபளக்கும். எங்கள் தெருவில் ஏழு பேர் இப்போது இதைத்தான் போடுகிறோம். தனியாக யாரும் போவதில்லை. இரண்டு மூலைக்கு இரண்டு பேர், அரை மணிக்கு ஒருமுறை ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். அந்தக் கூப்பாடே பாதிக் காவல். மலைப் பக்கத்து வரப்பை ஒட்டிப் பத்தடிக்குப் புதர் இல்லாமல் செதுக்கி வைத்திருக்கிறோம். திறந்த இடத்தைத் தாண்டப் பன்றி தயங்கும், தாண்டினாலும் காலையில் குளம்புத்தடம் பார்த்து எந்த வழியில் வந்தது என்று கண்டுபிடிக்கலாம். அந்த ஓரத்தில் நாலு வரிசை ஆமணக்கு, அதற்குள்ளே மக்காச்சோளம். விளக்கையும் ரேடியோவையும் மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுவோம். மாற்றாவிட்டால் பன்றி பழகிவிடும். ஒரு வருஷம் சோம்பலில் ஒரே இடத்தில் கட்டிவிட்ட ரேடியோவுக்குக் கீழேயே பக்கத்துக் காட்டில் பன்றி தோண்டிய தடம் இருந்தது. பாட்டு கேட்டுக்கொண்டே தின்றிருக்கும் போல. இவ்வளவு செய்தும் பன்றி வராமல் இருப்பதில்லை. போன பட்டத்தில் ஏக்கருக்குப் பத்து சென்ட் அளவுக்குப் போனது. முன்னே கால் ஏக்கர் போகும்.

நாயைக் கூட்டிப் போகலாமா என்றும் சிலர் கேட்பது உண்டு. பன்றிக்குச் சரி. யானை வரும் இடத்தில் வேண்டாம். நாய் போய்க் குரைத்துச் சீண்டிவிட்டு, துரத்தும் யானையை நேரே நம்மிடம் கூட்டி வந்துவிடும்.

மறைந்திருப்பதால் விவசாயிக்குப் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. பகலில், பறவை பார்க்க. பறவைக்கு நிறம் அறியும் அணு நாலு வகை, நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். அதனால் அங்கே உடையின் நிறம் கொஞ்சம் வேலை செய்யும். அசையாமல் இருப்பது அதை விட வேலை செய்யும். இதற்கும் இலை உடை தேவையில்லை. நாற்றங்காலுக்கு வாங்கி மிச்சமான பச்சை நிழல்வலையை நாலு குச்சியில் கட்டி, விடிவதற்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பறவை வந்த பிறகு போனால் ஒன்றும் நடக்காது. முகத்திலும் கையிலும் ஒரு பழைய துண்டு.

2018-ல் படைப்புழு நம் ஊர் மக்காச்சோளத்துக்கு வந்ததிலிருந்து மருந்து அடித்து ஓய்ந்து போன காலத்தில், நான் அப்படி ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். கரிச்சான் குருவி தட்டின் மேல் உட்காராது. ஆடும் நுனி அதற்குப் பிடிப்பதில்லை. வேலியோரத்து மொட்டைக் குச்சியில் இருந்துகொண்டு, பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும். வேலியிலிருந்து முப்பது நாற்பது அடிக்கு மேல் வயலுக்குள் அது வரவில்லை. நடு வயலில் புழுச் சேதம் ஏன் கூடுதல் என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றியது. அதற்கப்புறம் ஏக்கருக்கு இருபது குச்சி, பயிரை விட இரண்டடி உயரமாக, மேலே குறுக்குக் கட்டை வைத்து நடுகிறேன். பயிர் வளர வளரக் குச்சியையும் உயர்த்திக் கட்ட வேண்டும். கதிர் பிடிக்க ஆரம்பித்ததும் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே குச்சியில் கிளி வந்து உட்கார்ந்துகொள்ளும்.